என்சைம் வாஷில் கைவைத்தவர்கள் சொல்லுங்கள்

புதுச்சேரி, சேதராப்பட்டுப் பக்கம் ஒரு ஜீன்ஸ் வாஷிங் யூனிட்டில் ஆறு வருடம் இருந்தேன். முதலில் எல்லாம் கல்தான். புதுப் பேன்ட் வெளுத்துப் பழசு மாதிரித் தெரிய, பியூமிஸ் கல்லை (நுரைபோல ஓட்டைகள் உள்ள எரிமலைக் கல்) பேன்ட்டோடு மிஷினில் போட்டுச் சுற்றுவோம். எடுக்கும்போது கல் தேய்ந்து மாவாகியிருக்கும், வடிகாலில் சாம்பல் நிறச் சேறு அடைத்திருக்கும். டிரம்மும் கீறிப்போகும்.

அப்புறம் செல்லுலேஸ் வந்தது, பருத்தி நாரை அரிக்கும் என்சைம், அதாவது நொதி. டெனிமில் இண்டிகோ என்ற நீலச் சாயம் பாவு நூலின் (நீளவாக்கில் ஓடும் நூல்) மேல்தோலில்தான் ஒட்டியிருக்கும், நடுநூல் வெள்ளை. துணியில் ஏற்றிய கஞ்சியை அமைலேஸ் என்ற இன்னொரு நொதி போட்டு எடுத்தபின், செல்லுலேஸ் அந்த மேல்தோலை அரிக்கும். மிஷினின் உரசலில் சாயம் உதிரும். கல்லே வேண்டாம் என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் கரண்ட் போன அந்த நாளை மறக்க முடியாது. அன்று ஓடியது அமிலத் தண்ணீரில் வேலை செய்யும் ஆசிட் செல்லுலேஸ், 55 டிகிரி, பிஎச் (அமில-கார அளவு) 5. பாதியில் மிஷின் நின்றது, ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. கல் என்றால் மிஷின் நின்றதும் வேலையும் நின்றுவிடும். நொதி அப்படியில்லை, சூடு இருக்கும்வரை தின்றுகொண்டே இருக்கும். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால், உதிர்ந்த சாயம் வெள்ளைப் பாக்கெட் துணியில் ஏறி நீலமாகியிருந்தது. முழங்கால் பக்கம் இழுத்துப் பார்த்தேன், துணி கிழிந்தது. நொதியை அடக்க பிஎச்சை 10 பக்கம் ஏற்றி, 80 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். கரண்ட் இல்லாமல் சூடேற்ற வழியில்லை, தண்ணீரை வடித்து, பிஎச்சை ஏற்றும் சோடா ஆஷாவது போட்டிருக்கலாம். செய்யாதது என் தவறு. மாஸ்டர் திட்டவில்லை. “சோடாவைக் கைக்கெட்டுற இடத்துல வை தம்பி” என்றார். அதன்பின், அமிலம் தேவைப்படாத நியூட்ரல் என்சைமுக்கு மாறினோம். நேரம் கூடுதல்தான், ஆனால் பாக்கெட் வெள்ளையாகவே இருந்தது.

கடலூர் முதுநகரிலிருந்து:

அண்ணா, நான் கல் பொறுக்கியவள். துவைத்து வந்த பேன்ட்டின் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பித் தட்டுவோம். நகக்கண்ணில் கல்தூள் ஏறி எரியும், ராத்திரி சாப்பாட்டைப் பிசைய முடியாது. என்சைம் வந்தபின் என் கை ஆறியது, அதற்கு நன்றி சொல்வேன். ஆனால் நான் உப்பனாற்றுக் கரையில் வளர்ந்தவள். கல் போனாலும் வடிகிற தண்ணீர் நீலம்தானே? அதை என்ன செய்தீர்கள்?

சரியான கேள்வி தங்கச்சி. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டுச் சாயத்தைப் படியவைத்து, தெளிந்ததை வடிகட்டி அடுத்த லாட்டின் முதல் அலசலுக்கு எடுத்தோம். படிந்த சேறு மூட்டையாகத் தனியே சேர்ந்தது. நொதி போட்டும் அந்த மூட்டை ஒழியவில்லை, கல்தூள் மட்டும்தான் அதில் இல்லை.