பயணத்தில் யாரைப் பார்த்து உங்கள் பழைய நோட்டு ஞாபகம் வந்தது?

ஈசூன்காரி:

ஊர் சுற்றும்போது எழுதுவது, வரைவது, ஏதாவது வாசிப்பது என்று நம்மில் பலருக்கு ஒரு பழக்கம் இருந்திருக்கும். எப்போது விட்டோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்படி விட்டுப்போன ஒன்றை யாரோ முன்பின் தெரியாதவர் கிளறிவிட்ட அனுபவம் உண்டா? என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

எனக்கு ரயிலில் கதை எழுதும் பழக்கம் இருந்தது. மலேசியாவில், ஈப்போவில் அத்தை வீடு. பள்ளி விடுமுறை விட்டால் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்தில் அம்மா எங்களை ஏற்றிவிடுவார். உயரமான கூடம். சுவரெல்லாம் நெல் வயல், ரப்பர் மரம், மாட்டு வண்டி என்று பெரிய பெரிய சித்திரங்கள். 1932இல் திறந்த நிலையம் அது. கல்யாணமான பிறகு பிள்ளைகளை இழுத்துக்கொண்டும் அதே ரயிலில்தான் போனேன். 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை வடக்கு எல்லையில் இருக்கும் உட்லண்ட்ஸுக்கு மாற்றியது, மலேசியக்காரர்கள் தஞ்சோங் பகாரிலேயே இருந்துவிட்டார்கள். ஆக, முதலில் மலேசியாவுக்குள் நுழைவோம், அப்புறம் ரயில் ஏறி சிங்கப்பூருக்குள்ளேயே ஓடி, உட்லண்ட்ஸில் சிங்கப்பூரைவிட்டு வெளியேறுவோம்! இதை என் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிர் ரயில் வரும்வரை புக்கிட் தீமா நிலையத்தில் அடிக்கடி நிற்கும். எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மின்விசிறி சுற்றும், ஆனால் காற்று வராது. வெளியே ஒரே பச்சை. ரயில் ஆடாமல் நிற்கும் அந்த நேரத்தில்தான் கையெழுத்து ஒழுங்காக வரும், அதனால் அப்போதுதான் எழுதுவேன். இன்றும் அந்த நோட்டுகளைப் புரட்டினால் எந்தப் பக்கம் ரயில் நின்றபோது எழுதியது, எது ஓடும்போது எழுதியது என்று பார்த்த உடனே தெரியும்.

2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் போனது. ஜோகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். இப்போது ஈப்போவுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடுகிறேன். நோட்டு எடுத்துப் போவதே இல்லை.

சென்ற மாதம் பழைய ரயில் தடத்தில் நடக்கப் போயிருந்தேன். தண்டவாளத்தை எடுத்துவிட்டு 24 கிலோமீட்டருக்கு நடைபாதையாக்கி இருக்கிறார்களே, அதுதான். புக்கிட் தீமா நிலையத்தை 2022இல் புதுப்பித்துத் திறந்துவிட்டார்கள். அங்கே பெஞ்சில் ஒரு பெரியவர். பார்த்தவுடன் தமிழர் என்று தெரிந்தது. "நடக்க வந்தீங்களாம்மா?" என்று அவரே ஆரம்பித்தார். ரயில்வேயில் வேலை பார்த்தவராம். முன்னால் இருக்கிற பாதையில் வேறு ரயில் இல்லை என்பதற்கு அடையாளமாக ஓட்டுநர் கையில் ஒரு டோக்கன் கொடுப்பார்கள், அது இல்லாமல் ரயில் நகரக்கூடாது, பெரிய வளையத்தில் கோர்த்துத் தூக்கிப் பிடிப்போம், ஓடுகிற ரயிலில் இருந்து கையை நீட்டி வாங்கிக்கொள்வார்கள் என்று எழுந்து நின்று செய்தே காட்டினார். கடைசி நாள்வரை இந்த நிலையத்தில் அப்படித்தான்.

நான் இங்கே ரயில் நிற்கும்போது கதை எழுதுவேன் ஐயா என்றேன்.

"உள்ள உக்காந்து நீங்க கதை எழுதுனீங்க. எதிர் வண்டி எங்க நிக்குதுன்னு தெரியாம வெளிய நாங்க வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு நின்னோம்" என்று சிரித்தார். பிறகு, "இப்ப எழுதுறதில்லையா?" என்றார்.

நேரம் இல்லை என்றேன்.

"நாள் முழுக்க ரயில்ல போனப்ப நேரம் இருந்துச்சு. ஒன்றரை மணி நேரத்துல போறப்ப நேரம் இல்லையா?"

அன்றிலிருந்து இதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. எனக்கு வாய்த்தது நேரம் இல்லை, நின்ற இடங்கள். இந்த ஊர் நம்மை எங்கேயும் நிற்கவிடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் கெட்டி. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, அந்த ரயில் கழிவறையை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது. ஆனால் நிற்கிற இடம் போனதும் எழுத்தும் போய்விட்டது. உங்களுக்கு எப்படி?

உபின் பைத்தியம்:

அக்கா, நிற்கிற இடம்தான் வேண்டுமென்றால் சாங்கி படகுத்துறைக்கு வாருங்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் புலாவ் உபின் தீவுக்குப் படகு கிளம்பும். ஆளுக்கு நான்கு வெள்ளி. ஆள் சேரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவசரம் என்றால் மிச்ச ஆட்களின் காசையும் நாமே கொடுத்துவிட்டுப் போகலாம். நான் கொடுப்பதில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில்தான் வரைவேன்.

தொடக்கக் கல்லூரிக்குப் பிறகு பென்சிலைத் தொட்டதே இல்லை. வேலை, பிள்ளை, வழக்கமான கதை. கோவிட் நேரத்தில் வெளிநாடு போக முடியாமல் எல்லாரும் உபினுக்குப் படை எடுத்தார்களே, அப்போது நானும் போனேன். பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி, மடியில் சின்ன நோட்டு, காய்கறிப் பையில் வாட்டர்கலர் டப்பா. படகைத்தான் வரைந்துகொண்டிருந்தார். படகோட்டி மாமா எட்டிப் பார்த்து ஹொக்கியனில் ஏதோ சொன்னார். பாட்டி முறைத்தார், அப்புறம் அழித்து மறுபடி போட்டார். என்ன என்று கேட்டேன். முன்பக்கம் டயர் கட்டுகிற கயிறு இப்படிப் போகாது, படகு கரையில் மோதும் என்று திட்டினாராம்!

கைவிட்டிருந்த பென்சிலை மறுபடி எடுக்க வைத்தது அந்தக் கயிறுதான். படம் அழகாக இருக்கிறதா என்று கேட்க ஆயிரம் பேர் உண்டு. கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் இருந்தால் வரையலாம் என்று தோன்றியது. சிங்கப்பூரில் மாதந்தோறும் கூடி வீதியில் உட்கார்ந்து வரைகிற அர்பன் ஸ்கெட்சர்ஸ் குழு ஒன்று இருக்கிறது, அவர்களோடும் போகிறேன். தமிழர்கள் குறைவு. வாருங்கள்.

வாரக்கடைசி ஜேபி:

மன்னிக்கவும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிற்கிற இடம் இல்லையா? வெள்ளிக்கிழமை மாலை ஜோகூர் பாரு போகிற கடற்பாலத்துக்கு வாருங்கள். மொத்தமே ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் நீளம், 170ஆம் எண் பேருந்தைவிட நடந்து போகிறவன் முன்னால் போய்விடுவான். மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். யாராவது கதை எழுதிப் பார்த்தீர்களா? எல்லாரும் போனைத்தான் பார்க்கிறோம், நானும்தான். உங்கள் ரயில் நின்றபோது போன் இருந்திருந்தால் அந்த நோட்டில் ஒரு வரி இருந்திருக்காது அக்கா. பழியை ரயில்மேல் போடாதீர்கள்.

உட்லண்ட்ஸுக்கும் ஜோகூர் பாருவுக்கும் இடையே ஆர்டிஎஸ் என்ற புது ரயில் 2026 இறுதியில் ஓடும் என்கிறார்கள், கடலைக் கடக்க ஐந்து நிமிடமாம். அதற்காக ஏங்கிக் கிடக்கிறேன். எழுதுகிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

பொங்கோல் மிருதங்கம்:

என் கதை சின்னது. சாங்கி டெர்மினல் 2இல் விமான நேரம் காட்டுகிற பழைய பலகை இருந்ததே, எழுத்தெல்லாம் படபடவென்று புரளும். மிருதங்கம் விட்டுப் பல வருடம் ஆகியும் அந்தச் சத்தம் கேட்டால் விரல் சும்மா இருக்காது, தள்ளுவண்டிக் கைப்பிடியில் தாளம் போடுவேன். ஒரு தடவை எதிரே ஒரு மலாய்ப் பையன் நான் விட்ட இடத்தில் இருந்து தட்ட ஆரம்பித்தான். பலகை நிற்கும், நாங்களும் நிற்போம். புரளும், தொடங்குவோம். அவன் அம்மா வந்து இழுத்துப் போகும்வரை கச்சேரி. 2020 பிப்ரவரியோடு பலகையை எடுத்துவிட்டார்கள். வீட்டில் வாசித்தால் மேல்மாடியில் இருந்து நாற்காலியை இடிக்கிறார்கள், அது வேறு தாளம்.

அறந்தாங்கி தம்பி:

அக்கா, அண்ணே எல்லாருக்கும் வணக்கம். நான் கட்டுமான வேலையில் இருக்கிறேன். எங்கள் பயணம் லாரிப் பயணம்தான். விடியுமுன் கிராஞ்சி விடுதியில் ஏறினால் சைட்டில் இறக்கிவிடுவார்கள். பின்னால் உட்கார்ந்து போவோம். மழை என்றால் தார்ப்பாய். பாதிப் பேர் தூங்குவான், பாதிப் பேர் ஊருக்குப் பேசுவான். அங்கே அப்போது இரவு இரண்டரை மணி, யார் பேசுவார்கள் என்று கேட்காதீர்கள், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் பேசுவார்கள்.

ஊரில் இருக்கும்போது கவிதை எழுதுவேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், எதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்தாலும் எழுதுவேன். இங்கே வந்து ஏஜென்ட் கடன் அடைக்கிறவரை ஒரு வரி வரவில்லை. மனசுக்குள் கணக்குத்தான் ஓடும்.

எங்கள் சைட்டில் ஒரு பங்ளாதேஷ்காரர், என்னைவிட மூத்தவர், பாய் என்று கூப்பிடுவேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் அட்டையை விரித்துப் படுத்தால் அவர் மட்டும் சிமெண்ட் பையைக் கிழித்து, உள்பக்கத் தாளில் எழுதிக்கொண்டிருப்பார். ஒரு நாள் கேட்டேன், மலாயும் இங்கிலீஷும் கலந்த எங்கள் சைட் பாஷையில்தான். படித்துக் காட்டினார். ஒரு சொல் புரியவில்லை, ஆனால் எந்த இடத்தில் வரி முடிகிறது என்று தெரிந்தது. நீயும் சொல்லு என்றார். ஊரில் எழுதியது ஒன்று மனப்பாடமாக இருந்தது, சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "லாஸ்ட் லைன் நோ குட்" என்றார்! புரியாமலேயே எப்படிச் சொன்னார் என்று கோபம் வந்தது. ராத்திரி விடுதியில் யோசித்துப் பார்த்தால் உண்மைதான், கடைசி வரி சும்மா எதுகைக்காகப் போட்டது.

வெளிநாட்டு ஊழியர்களுக்கான கவிதைப் போட்டி 2014இல் தொடங்கியது, அதைப் பற்றி அவர்தான் சொன்னார். தமிழிலும் எழுதலாம் என்று தெரிந்து நானும் ஒரு வருடம் அனுப்பினேன். பரிசு இல்லை. பாய் இப்போது ஊருக்குப் போய்விட்டார். நான் லாரியிலேயே போனில் தட்டுகிறேன். ஜேபி அண்ணன் சொன்னதற்கு ஒன்று: போனில் வீடியோவும் பார்க்கலாம், எழுதவும் செய்யலாம். சிக்னல் இல்லாத இடத்தில் கொஞ்சம் நிறைய எழுதுகிறேன், அது உண்மை.

இங்கே கதை, கவிதை பேசுகிற கூட்டம் ஏதாவது உண்டா? எங்களை மாதிரி ஆட்கள் வரலாமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

தம்பி, தாராளமாக வரலாம். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் கதைக்களம் மாதந்தோறும் நடக்கிறது, கவிதைக்குக் கவிமாலை இருக்கிறது. தமிழ் முரசு நாளிதழில் தேதி போடுவார்கள். யார் என்ன வேலை என்று அங்கே யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கதையில் குறை சொல்வார்கள், அதற்குத் தயாராக வாருங்கள். உங்கள் பாய் அளவுக்குக் காது உள்ளவர்கள் கிடைப்பார்கள் என்று மட்டும் உறுதி கொடுக்க மாட்டேன்.

ஈசூன்காரியின் கேள்விக்கு என் அப்பாவின் நோட்டைச் சொல்லலாம். 1950களில் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர். பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வர ஒரு வாரம் போல ஆகும். மேல்தளப் பயணி, அதாவது கூட்டத்தோடு கூட்டமாகப் பாய் விரித்துக்கொள்ள வேண்டும். அப்பா இறந்த பிறகு அந்த நோட்டு என் கைக்கு வந்தது. கப்பல் பயணத்துக்கு அதில் ஒரே ஒரு பக்கம்! வாந்தி, மறுபடி வாந்தி, சோறு வேகவில்லை, அவ்வளவுதான். இங்கே வந்ததும் செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த் தடுப்புக்காகச் சில நாள் நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். யார் எந்த ஊர், யார் அண்ணனைத் தேடி வந்தான், எவன் பாடுவான், எவன் அழுவான், எதிர்க்கரையில் இரவு தெரிகிற விளக்குகளில் எது துறைமுகம் என்று பந்தயம் கட்டியது வரைக்கும். கரை ஏறிய பிறகு அந்த நோட்டில் கூலி, வாடகை, ஊருக்கு அனுப்பிய பணம் தவிர வேறு எதுவும் இல்லை. எழுபது வயதுக்கு மேல் வாழ்ந்தார், ஒரு வரி எழுதியும் நான் பார்த்ததில்லை.

ஆகவே நிறுத்தி வைத்தால் எழுத்து வரும் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஜேபிக்காரர் சொல்வதையும் தள்ள முடியவில்லை, அப்பாவுக்கு அந்தத் தீவில் பார்க்க வேறு எதுவும் இல்லை. இரண்டு பேரும் சண்டையைத் தொடரலாம்.

அறந்தாங்கி தம்பி:

நன்றி டீச்சர். இந்த மாதம் ஞாயிறு எல்லாம் ஓவர்டைம் போட்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் பார்க்கிறேன். கையால் எழுதியதைக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வார்களா, டைப் அடிக்க வேண்டுமா?