கிக் ட்ரம்முக்கு எந்த மைக்? 12க்கு 10 அறை, மைக் இன்புட் இரண்டுதான்

லிங்கநகர்_22:

அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில வீட்டு அறையொண்டில ட்ரம் செற் பதியிறதுக்கு கிக் (காலால அடிக்கிற பெரிய ட்ரம்) மைக் ஒண்டு வாங்க வேணும். அறை 12 அடிக்கு 10 அடி, உயரம் 9 அடி. சீமெந்துச் சுவர், மேல கொங்கிறீற் தட்டு, கீழ டைல்ஸ். கிக் 22 அங்குலம், முன் தோலில ஓட்டை இல்லை, உள்ளுக்கு ஒரு தலையணை கிடக்கு. மைக்கைக் கணினியோட இணைக்கிற இன்டர்பேஸில மைக் இன்புட் இரண்டுதான், உள்ளுக்கு வாற சத்தத்தைக் குறைக்கிற பாட் சுவிட்சும் இல்லை. கையில இருக்கிறது ஒரு ஷூர் எஸ்எம்57, ட்ரம்முக்கு மேல தூக்கி வைக்கிற ஓவர்ஹெட்டுக்கு ஒரு கொண்டென்சர் மைக்.

57ஐ முன் தோலுக்கு முன்னால வைச்சுப் பதிஞ்சா அட்டைப்பெட்டியில தட்டின மாதிரி வருது. அடித்தொனியே இல்லை. பதியப்போறது தேவாலயப் பாட்டும் மெல்லிசையும். ஷூர் பீட்டா 52ஏ, ஏகேஜி டி112, ஓடிக்ஸ் டி6 இந்த மூண்டில எதை வாங்கலாம்? கோயில் திருவிழாவில தவிலுக்கும் அதையே வைக்க ஏலுமெண்டா இன்னும் நல்லம்.

உவர்மலை:

தம்பி, மைக்குக்கு முதல் அந்த ஓட்டையைப் பாருங்கோ. மூடின முன் தோலுக்கு வெளியில எந்த மைக்கை வைச்சாலும் பீட்டர் (மிதிக்கேக்க தோலில அடிக்கிற சுத்தியல்) படுற சத்தம் சரியா வராது. முன் தோலின்ர அதிர்வும் அறை திருப்பி அனுப்புறதும்தான் வரும். நீங்கள் சொல்லுற அட்டைப்பெட்டிச் சத்தம் 300 தொடக்கம் 400 ஹேர்ட்ஸ் வரையில சேருறது. 57 எண்டது 200 ஹேர்ட்ஸுக்குக் கீழ மெல்ல மெல்லச் சரியிற மைக். அடி குறைய, நடு மிஞ்சி நிக்குது.

ஓட்டை வெட்டுறது இப்பிடி. முன் தோலைக் கழற்றிச் சமதரையில வையுங்கோ. ட்ரம்மில பூட்டியிருக்க வெட்டினால் இழுவையில கிழிஞ்சு போகும். 5 அங்குல வாயுள்ள தகர ரின் ஒண்டு எடுங்கோ. 400 கிராம் பால்மா ரின் 4 அங்குலம் மட்டிலதான் வரும்; டி112 அதுக்குள்ளால போகும், ஆனா 52ஏயின்ர தலை பெரிசு, உள்ளுக்கு விட்டபிறகு கோணம் மாத்த இடம் இராது. ரின்னைக் குறட்டால பிடிச்சு காஸ் அடுப்பில நல்லாச் சூடாக்கி, தோலில நேராக ஒரே அழுத்து. பிளாஸ்டிக் உருகி வட்டம் கழண்டு வரும், விளிம்பும் உருகித் தடிச்சு நிக்கும், அதால பிறகு கிழியாது. கத்தியால வெட்டினால் சின்னக் கீறல் ஒண்டு விழுந்தாலும் அதிலயிருந்து கிழிசல் ஓடும். புகை கூடாது, முற்றத்தில வைச்சுச் செய்யுங்கோ. ஓட்டையின்ர மையம் தோலின்ர நடுவில இருந்து ஆறரை அங்குலம் தள்ளி, மணிக்கூட்டில 4 மணி நிக்கிற பக்கம். 6 அங்குலத்துக்கு மேல போகவேண்டாம், போனால் முன் தோல் இருந்தும் இல்லாத மாதிரித்தான்.

இப்ப மைக். உங்கட இன்டர்பேஸில பாட் இல்லாதபடியால் நான் 52ஏயைச் சொல்லுவன். காரணம் அதின்ர உணர்திறன். ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு 52ஏ தாறது 0.6 மில்லிவோல்ட். டி112 தாறது 1.8, டி6 2.2. அதாவது டி112 ஏறக்குறைய 10 டெசிபெல் கூடச் சத்தமா வரும், டி6 11 டெசிபெல். பாட்டுக்குப் பாடுறவருக்கு மைக் வாங்கேக்க இந்த இலக்கம் கூட இருக்கிறது நல்லம். கிக்குக்குள்ள வைக்கேக்க குறைவாயிருக்கிறதுதான் நல்லம். 52ஏ 174 டெசிபெல் வரை தாங்கும், ஸ்டாண்டில பூட்டுற பூட்டும் எக்ஸ்எல்ஆர் எண்ட கேபிள் பூட்டுற இடமும் உடம்போடயே வரும், ஓட்டைக்குள்ளால விடுறதுக்கு அது பெரிய வசதி. 4 கிலோஹேர்ட்ஸ் மட்டில ஒரு தூக்கல் இருக்கு, பீட்டரின்ர அடி அதில தெளியும்.

வெள்ளைமணல்:

உவர்மலை அண்ணை ஓட்டையைப் பற்றிச் சொன்னதில எனக்கு மறுப்பே இல்லை. மைக்கில மட்டும் நான் வேற பக்கம்.

52ஏயும் டி6உம் கடையில இருந்து வரேக்கயே ஈகியூ போட்டு வாற மைக்குகள். அடியைத் தூக்கி, நடுவைக் குடைஞ்சு, மேலயும் தூக்கும். டி6இல அந்தக் குடைவு இன்னும் ஆழம், மெற்றலுக்கு அது அச்சா. ஆனா தம்பிக்கு இன்புட் இரண்டுதான்: ஒண்டு கிக், மற்றது ஓவர்ஹெட். இந்தப் பாட்டுகளைக் கேக்கிற சனத்தில பாதிப்பேருக்கு மேல போனில கேப்பினம். போன் ஸ்பீக்கரில 60 ஹேர்ட்ஸ் எண்டொரு சாமானே இல்லை. அங்க கிக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது 150 தொடக்கம் 250 ஹேர்ட்ஸ் வரையிலான உடம்பும், 2 கிலோஹேர்ட்ஸுக்கு மேல வாற அடியும்தான். மைக்கே நடுவைத் தின்டுட்டுதெண்டா பிறகு ஈகியூவால திருப்பி எடுக்கிறது கஷ்டம், ஏனெண்டா அதோட சேர்ந்து பக்கத்தில இருக்கிற ஸ்நெயர் ட்ரம்மின்ர கசிவும் மேல வரும். கூடிக் கிடக்கிறதைக் குறைக்கிறது லேசு. அதால டி112. 350 ஹேர்ட்ஸில 4, 5 டெசிபெல் வெட்டினால் மெல்லிசைக்குக் காணும்.

ஓவர்ஹெட்டோட சேர்த்துக் கேக்கேக்க கிக் மெலிஞ்சு போகுதெண்டா மைக்கைக் குறைசொல்ல வேண்டாம். பீட்டர் அடிக்கேக்க தோல் உள்பக்கம் தள்ளுப்படுது. உள்ளுக்கு இருக்கிற மைக்குக்கு அது காற்றழுத்தம் கூடுறது. வாசிக்கிறவரின்ர பக்கமா மேல நிக்கிற ஓவர்ஹெட்டுக்கு அது அழுத்தம் குறையிறது. ஒரே அடி, ஒண்டில அலை மேல போகும், மற்றதில கீழ போகும். சேர்த்தவுடன அடித்தொனி ஒண்டையொண்டு தின்னும். கிக் தடத்தில அலையைத் தலைகீழாக்கிற போலாரிட்டி பொத்தானை அமத்திப் பாருங்கோ, எதில அடி தடிக்குதோ அதை வைச்சிருங்கோ.

அதோட தூரமும் இருக்கு. ஓவர்ஹெட் பீட்டரில இருந்து 1.2 மீற்றர் எண்டா, எங்கட 30 பாகை வெக்கையில ஒலி செக்கனுக்கு 349 மீற்றர் மட்டில ஓடுது, சத்தம் 3.4 மில்லிசெக்கன் பிந்தி வரும். 48 கிலோஹேர்ட்ஸில பதிஞ்சால் அது 165 சாம்பிள். ஓவர்ஹெட் தடத்தை அவ்வளவு முன்னுக்குத் தள்ளிப் பாத்து, பிறகு போலாரிட்டியைத் திரும்பச் சோதியுங்கோ. சிலவேளை தள்ளாமலே நல்லாயிருக்கும்; காதுக்குப் பிடிச்சதை எடுங்கோ.

லிங்கநகர்_22:

நன்றி அண்ணை, நன்றி அக்கா. அக்கா சொன்ன போன் விஷயத்தால டி112 பக்கம் மனம் சாயுது. ஆனா பாட் இல்லாமல் வெடிக்குமோ எண்டு பயம். மைக்கை உள்ளுக்கு எவ்வளவு தூரத்தில வைக்கிறது? தலையணை இருக்கட்டுமோ, எடுக்கட்டுமோ?

உவர்மலை:

கணக்குப் பாத்தால் பயம் தீரும். கிக்குக்குள்ள 140 டெசிபெல் எண்டு வையுங்கோ. அது 200 பாஸ்கல். டி112 அதில 360 மில்லிவோல்ட் தரும், அண்ணளவா கழித்தல் 7 டிபியூ (மின் அளவைச் சொல்லுற டெசிபெல்). 52ஏ கழித்தல் 16. உங்கட இன்டர்பேஸின்ர கைநூலில மைக் இன்புட்டின்ர உச்ச அளவு, கெயின் ஆகக்குறைவில, எண்டொரு வரி இருக்கும். அது 0 டிபியூவுக்கு மேல எண்டா டி112 தாராளமா வைக்கலாம், கெயின் குமிழைத்தான் அடியில வைச்சிருக்க வேண்டிவரும். அதுக்குக் கீழ எண்டா எக்ஸ்எல்ஆர் குழாய் மாதிரி வாற 20 டெசிபெல் குறைப்பான் ஒண்டை இடையில போடுங்கோ. அந்தக் குறைப்பானை ஓவர்ஹெட் கொண்டென்சரில மாறிப் போட்டுடாதேங்கோ, ஃபாண்டம் பவர் (இன்டர்பேஸ் கேபிளால மைக்குக்கு அனுப்புற மின்சாரம்) சரியாப் போய்ச்சேராது. உங்கட இன்டர்பேஸில ஃபாண்டம் இரண்டு இன்புட்டுக்கும் ஒண்டாத்தான் வருமெண்டாலும் டி112க்குச் சேதம் இல்லை, கேபிள் நல்லதா இருந்தால் சரி.

24 பிட்டில பதியுங்கோ. வாசிக்கிறவரை ஆகப்பலமா அடிக்கச் சொல்லி, மீற்றரில உச்சம் கழித்தல் 12 டெசிபெல்லில நிக்கிற மாதிரி வையுங்கோ. பாட்டு ஓடத் தொடங்க எல்லாரும் இன்னும் பலமா அடிப்பினம், அதுக்கு அந்த இடம் வேணும்.

வைக்கிற இடம்: அடிக்கிற தோலுக்கு 2, 3 அங்குலம் கிட்ட, பீட்டரை நேர பாத்தபடி எண்டா டக் எண்ட அடி கூட, உடம்பு குறைவு. உள்ளுக்கு நடுவில, பீட்டரில இருந்து சரிச்சு எண்டா இரண்டும் சமன். தேவாலயப் பாட்டுக்கு அங்கயிருந்து தொடங்குங்கோ. ஓட்டை வாசலில வைச்சால் அடித்தொனி பெருக்கும், ஆனா ஓட்டைக்குள்ளால ஒவ்வொரு அடிக்கும் காற்று பீச்சி அடிக்கும், அது மைக்கில பொஃப் எண்டு விழும். வாசலுக்கு நேர ஒருநாளும் வேண்டாம், ஒண்டில 3 அங்குலம் உள்ளுக்கு, இல்லாட்டில் விளிம்புக்கு ஒதுக்கி.

ஒவ்வொரு தரமும் 2 அங்குலம் நகர்த்தி 20 செக்கன் பதியுங்கோ, தொடக்கத்தில எந்த இடமெண்டு வாயால சொல்லிவிடுங்கோ. கேக்கேக்க எல்லாத்தையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டு வாங்கோ, இல்லாட்டில் ஆகச் சத்தமானதுதான் நல்லதெண்டு காது ஏமாத்தும். ஸ்டாண்டின்ர கால் ட்ரம்மில முட்டக்கூடாது. முட்டினால் ஷெல்லின்ர அதிர்வு கம்பியால ஏறி வரும்.

தலையணையை எடுத்திட்டு, ஒரு துவாயை மடிச்சு அடிக்கிற தோலின்ர அடியில 2 அங்குல உயரத்துக்கு மட்டும் முட்டுற மாதிரி வையுங்கோ. பெரிய தலையணை இரண்டு தோலையும் முட்டினால் அடித்தொனியைத்தான் முதல் கொல்லும். அடிக்கிற தோலின்ர இறுக்கம்: எல்லா லக்கும் (தோலை இறுக்கிற ஆணி) விரலால இறுகுமட்டும் திருப்பி, சுருக்கம் போகுமட்டும் கீயால கால் கால் சுற்றா, எதிரெதிர்ப் பக்கமா. முன் தோல் அதைவிட ஒரு சொட்டு இறுக்கம். மர பீட்டர் எண்டா ஃபெல்ட்டுக்கு மாத்துங்கோ, மெல்லிசைக்கு அதுதான் பொருந்தும்.

பன்குளம்:

அறையைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. 12, 10, 9 அடி எண்டா அந்த அறை தானாக நிண்டு முழங்கிற இடங்கள் 48, 57, 64 ஹேர்ட்ஸ். ஒலியின்ர வேகத்தை நீளத்தின்ர இரண்டு மடங்கால பிரிச்சால் வாறது. மூண்டும் கிக்கின்ர அடித்தொனி கிடக்கிற இடத்திலயே. அதே அறையில ஸ்பீக்கரில வைச்சு மிக்ஸ் பண்ணினால், கதிரையை இரண்டு அடி தள்ள கிக் இரட்டிக்கும், இன்னும் இரண்டடி தள்ளக் காணாமல் போகும். மைக் பிழையெண்டு நினைச்சு அடுத்த மைக் வாங்கத் தோணும். 100 ஹேர்ட்ஸுக்குக் கீழ எடுக்கிற முடிவு எல்லாம் ஹெட்போனில எடுங்கோ.

2 அங்குல ஸ்பொஞ்ச் ஒட்டுறதில காசைக் கொட்டவேண்டாம், அது அடித்தொனிக்கு ஒண்டும் செய்யாது. 60 ஹேர்ட்ஸ் அலையின்ர கால்வாசியே கிட்டத்தட்ட ஒண்டரை மீற்றர். தும்பு மெத்தை நாலை மூலைக்கு ஒண்டா, பின்னால இடைவெளி விட்டுச் சரிச்சு நிறுத்துங்கோ. முழுக்கத் தீராது, ஆனா வித்தியாசம் கேக்கும். ட்ரம்முக்குக் கீழ ஒரு தடிச்ச கம்பளம் கட்டாயம், டைல்ஸில தெறிக்கிறது ஓவர்ஹெட்டுக்குள்ள போகும்.

பதியேக்க லப்டொப்பை பற்றரியில ஓடவிடுங்கோ. எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அந்த ஊம் சத்தம் கிக்கின்ர இடத்திலயே வந்து குந்தும். அடிக்கேக்க கேக்காது, அடிகளுக்கு இடையில கேக்கும். டி112க்குள்ள அந்த ஊம் சத்தத்தை வெட்டுற சுருள் இருக்கு, 57இல இல்லை.

வெள்ளைமணல்:

தவிலைப் பற்றிக் கேட்டிருந்தீங்கள். தொப்பிப் பக்கத்துக்கு டி112 நல்லா நிக்கும், தோலில இருந்து ஆறு அங்குலம் தள்ளி, கழி வந்து படாத கோணத்தில. வலந்தலைக்கு உங்கட 57ஐயே வையுங்கோ, விரல் கூட்டின்ர கூர்மை கிக் மைக்கில மழுங்கிப்போகும். மேடையில நாதஸ்வரம் பக்கத்திலதான் நிக்கும், டி112இன்ர முதுகை அதுக்குக் காட்டுங்கோ. அது கார்டியொயிட், பின்பக்கம்தான் ஆகக்குறைவாக் கேக்கும். 52ஏ எடுத்தால் முதுகைக் காட்டுறது பிழை, அது சுப்பர்கார்டியொயிட், பின்னாலயும் கொஞ்சம் கேக்கும். முதுகில இருந்து பக்கத்துக்குத் திருப்பி வைக்க வேணும்.

வாங்கேக்க முகவரிட்டயே உத்தரவாதச் சீட்டோட வாங்குங்கோ, ஷூரிலயும் ஏகேஜியிலயும் போலி நிறைய ஓடுது. மாரி தொடங்க முதல் காத்துப் போகாத டப்பா ஒண்டில சிலிக்கா ஜெல் பைகளோட மைக்கைப் போட்டு வையுங்கோ, ட்ரம்முக்குள்ளயே விட்டிட்டுப் போகவேண்டாம். உப்புக்காத்தில முதல் துருப்பிடிக்கிறது மைக்கின்ர வலை, பிறகு எக்ஸ்எல்ஆர் ஊசி. ஊசி மங்கினால் சரசரப்பு வரும். கொன்டாக்ட் கிளீனரைப் பஞ்சில எடுத்துத் துடைச்சு, கேபிளை நாலைஞ்சு தரம் கழற்றிப் பூட்டினால் போகும். மைக்குக்குள்ள நேர அடிக்காதேங்கோ.