ஒருபக்க எல்லைக்கு அட்டவணை போதுமா?

தேவனாம்பட்டினத்தான்:
கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். (எக்ஸ் + 1)/(எக்ஸ் − 3) என்ற விகிதமுறு சார்புக்கு எக்ஸ் 3-ஐ நெருங்கும்போது ஒருபக்க எல்லை (இடம் அல்லது வலம், ஒரு பக்கமிருந்து மட்டும் நெருங்கினால் சார்பின் மதிப்பு எதை நோக்கிப் போகிறது என்பது) கேட்டால், அட்டவணை போடச் சொல்வேன். 2.99-இல் −399 வருகிறது, 3.01-இல் 401. இடப்பக்கம் சரிகிறது, வலப்பக்கம் எகிறுகிறது. கண்ணெதிரே தெரிவதை விட்டுவிட்டுக் காரணி, மிகை-குறைக் குறி என்று முதல் நாளே ஏன் மிரட்ட வேண்டும்?

நெல்லித்தோப்பு டீச்சர்:
சார், கண்ணெதிரே தெரிவதுதான் ஏமாற்றும். (எக்ஸ் − 3.0001)/(எக்ஸ் − 3) கொடுத்துப் பாருங்கள். 3.01-இல் 0.99 வரும், 3.001-இல் 0.9. எல்லை ஒன்றை ஒட்டித்தான் என்று பிள்ளை எழுதி முடித்துவிடும். இன்னும் நெருங்கி 3.00001 போட்டால் −9! எக்ஸ் 3 ஆகும்போது தொகுதி −0.0001, குறை எண். வலப்பக்கத்தில் பகுதி மிகை எண், பூச்சியத்தை நோக்கிச் சுருங்குகிறது. ஆகவே −∞. இடப்பக்கத்தில் பகுதியும் குறை, ஆகவே +∞. இரண்டே வரி.

தேவனாம்பட்டினத்தான்:
அது மாட்டிவிடவே கட்டிய கணக்கு. என் கவலை வேறு. போன வாரம் ஒரு பெண், 3-இன் தலைமேல் போடும் சின்னக் கழித்தல் குறியைப் பார்த்து −3-ஐயே பிரதியிட்டிருந்தாள். −2/−6, பிறகு 1/3 என்று சுருக்கி, விடையைச் சுற்றிக் கட்டமும் போட்டிருந்தாள். 2.9, 2.99, 2.999 என்று அவளையே எழுதவைத்த பிறகுதான், இடப்புறமிருந்து வா என்பதே அந்தக் குறி என்று பிடிபட்டது. உங்கள் இரண்டு வரி அவளுக்கு இதைச் சொல்லியிருக்காது.

புலியூர் மாணவன்:
பகுதி பூச்சியமானால் எப்போதும் முடிவிலிதானே?

நெல்லித்தோப்பு டீச்சர்:
இல்லை தம்பி. (எக்ஸ்² − 9)/(எக்ஸ் − 3)-இல் தொகுதியும் பூச்சியமாகிறது. பொதுக் காரணியை அடித்தால் மிஞ்சுவது எக்ஸ் + 3; இரு பக்கமும் 6. முதலில் காரணிப்படுத்து, பிறகு குறியைப் பார்.
சார், அந்தப் பெண்ணுக்கு நீங்கள் செய்தது சரி. குறியின் பொருளை அட்டவணையால் காட்டுங்கள், மறுக்கவில்லை. ஆனால் அதையே விடையாக ஏற்று மதிப்பெண் போடாதீர்கள். எத்தனை எண் போட்டாலும் அடுத்த எண் என்ன செய்யும் என்று அட்டவணை சொல்லாது.

தேவனாம்பட்டினத்தான்:
அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை, டீச்சர். நாளை மாலை உங்கள் 3.0001 கணக்கைத் திண்ணையில் கொடுக்கிறேன். முதலில் அட்டவணை போட்டு ஏமாறட்டும். மிகை-குறைக் குறியை அதன் பிறகு எடுக்கிறேன்.