பாடி எர்த் செத்துப் போச்சாம்ல! (பிஎம்டபிள்யூ எக்ஸ் 5 சவுண்ட் சிஸ்டம் மாத்துறவங்க பார்க்கவும்)

செங்கோட்டை_12வோல்ட்:
ஆம்ப்போட (சத்தத்தைப் பெருக்குற பெட்டி) நெகட்டிவ் வயரை வண்டித் தகட்டுல மாட்டுறதுதான் பாடி எர்த். அதைப் பத்தி நேத்து ஒருத்தர் இங்கன எழுதியிருந்தது: "ஆம்ப் நெகட்டிவ்வை நேரா பேட்டரி நெகட்டிவ்ல மாட்டுங்க. பாடி எர்த்தெல்லாம் அம்பாசடரோட போச்சு, சொகுசு வண்டிக்கு ஆகாது." அதுக்குக் கை தட்டவும் ஆள் இருக்கு. தட்டுன ஒருத்தராவது எஃப்15 மாடல் எக்ஸ் 5 பூட் தரையைத் தூக்கிப் பார்த்தீரா? பேட்டரி அங்கனதான் கெடக்கு. நெகட்டிவ் கிளாம்ப்லயே சின்னக் கருப்புப் பெட்டி ஒண்ணு ஒட்டியிருக்கும், அதுதான் பேட்டரி சென்சார். பேட்டரிக்குள்ள போற, வெளிய வர்ற கரண்டை எண்ணி எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்றது அது. ஆம்ப் எர்த்தைச் சென்சாருக்கு முன்னாடி, பேட்டரி முனையிலயே மாட்டினா, எஞ்சின் ஓடும்போது ஆம்ப் குடிக்கிற கரண்டைப் பேட்டரிக்கு ஏறுன சார்ஜ்னு அது தப்பா எண்ணும். 750 வாட் கிளாஸ் டி ஆம்ப், 80 சதவீதத் திறன், 13.8 வோல்ட்: முழுச் சத்தத்துல 68 ஆம்பியர். அத்தனையும் பொய்க்கணக்கு. பேட்டரி நெறைஞ்சிருக்குன்னு நம்பி வண்டி சார்ஜைக் குறைக்கும். வண்டி நிக்கையில எஞ்சினைத் தானா நிறுத்தி எழுப்புற ஸ்டார்ட்-ஸ்டாப் முதல்ல படுக்கும், அப்புறம் பேட்டரி எச்சரிக்கை வரும், கடைசில புது ஏஜிஎம் பேட்டரிக்குச் செலவு.

களியக்காவிளை_கேள்வி:
அந்த ஒருத்தன் நான்தான் வே. பேரைச் சொல்லி எழுதுறதுக்கென்ன, கூச்சமா? எஞ்சினை மிதிச்சா ஸ்பீக்கர்ல ஒரு ஊளைச் சத்தம் ஏறுமே, அது எங்கேருந்து வருதுன்னு சொல்லும். பாடி எர்த்துலேருந்து. பேட்டரில மாட்டினா ஹம் இல்ல. அவ்வளவுதான்.

பொள்ளாச்சி_தென்னங்கீத்து:
ஒரு சின்ன சந்தேகமுங்க. "பேட்டரி நெகட்டிவ்"னு ரெண்டு பேரும் சொல்றது முனையவா, இல்ல அதுலிருந்து வர்ற கருப்பு கேபிள் பாடியில போய் முடியற போல்ட்டவா? அந்த போல்ட்டுன்னா சென்சாரத் தாண்டியாச்சு, சண்டையே வேண்டியதில்லைங்களே.

செங்கோட்டை_12வோல்ட்:
எஞ்சினோட ஏறுற ஊளை வேற, ஒரே சீரா முனகுற ஹம் வேற. ரெண்டையும் ஒண்ணா அரைக்காதீரும். அந்த ஊளை எர்த் லூப்: சிக்னல் குடுக்கிற பெட்டிக்கு ஒரு எர்த், ஆம்ப்புக்கு இன்னொரு எர்த், நடுவுல வோல்ட் வித்தியாசம். எக்ஸ் 5-ல கம்பெனி போட்ட ஹார்மன் கார்டன் ஆம்ப்புக்கு சிக்னல் வர்றது மோஸ்ட்ங்கிற ஒளியிழை வளையம் வழியா. வெளிச்சத்துக்கு ஏதுவே எர்த்? அந்த வளையத்துல, வெளிச்ச சிக்னலை மாத்திக் குடுக்கிற மோஸ்ட் கன்வர்ட்டரைச் சேர்த்து, சத்தத்தைச் சீர்படுத்துற டிஎஸ்பியையும் ஆம்ப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, எல்லாத்தையும் ஒரே போல்ட்ல எர்த் பண்ணினா லூப் எங்கேருந்து வரும்? ஒளியிழையை வளைக்கையில 25 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே போகக் கூடாது. மடக்கித் தரைவிரிப்புக்கு அடியில திணிச்சா வளையம் அறுந்து மொத்த வண்டியும் ஊமையாயிரும்.

பாடி எர்த் போடுற விதம் தெரிஞ்சாத்தான் பாடி எர்த்தைப் பத்திப் பேசணும். பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளபளன்னு தெரியணும். 8 மில்லிமீட்டர் போல்ட், பல் வாஷர், வயர் நுனியில நசுக்கி (கிரிம்ப் பண்ணி) மாட்டுன லக், இறுக்குன பிறகு மேல துருத்தடுப்புப் பூச்சு. சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது. அப்புறம் ஆம்ப்பை முழுச் சத்தத்துல ஓட விட்டு, ஆம்ப் நெகட்டிவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல வோல்ட் பாரும். 0.1-க்குள்ள நின்னா நல்ல எர்த். மல்டிமீட்டரை ஓம்ல வச்சு "சைபர் காட்டுது"ன்னு சொல்றவரை நம்பாதீங்க. மில்லி ஓம் அதுல தெரியாது.

களியக்காவிளை_கேள்வி:
பூட்ல இருக்க பேட்டரிக்கு ஒன்றரை மீட்டர் வயர். அதுக்கு இத்தனை பிரசங்கம். செரி, 2012-க்குப் பிறகு வந்த ரேஞ்ச் ரோவரை எடும். பாடி முழுக்க அலுமினியம். சுரண்டின நிமிசமே ஆக்சைடு படியும். அதுல செம்பு லக்கை வச்சு இறுக்கினா, குளச்சல் உப்புக்காத்துக்கு எத்தனை நாள் தாங்கும்? உமக்க பல் வாஷர் அங்கே என்ன செய்யும், பல்லு விளக்குமா?

கொழிஞ்சாம்பாறை_மேளம்:
எர்த்தை விடுங்க. காசெல்லாம் வீணாப் போறது டியூனிங்ல ஆக்கும். மோஸ்ட் கன்வர்ட்டர் வாங்க மனசில்லாம கம்பெனி ஆம்ப்போட ஸ்பீக்கர் வயர்லேருந்து சிக்னல் எடுக்கறவங்கதான் ஜாஸ்தி. அதுல ட்வீட்டருக்கு ஒண்ணு, மிட்டுக்கு ஒண்ணு, சீட்டுக்கு அடியில 8 இஞ்ச் ஊஃபருக்கு ஒண்ணுன்னு பிரிஞ்சுதான் வரும். மூணையும் டிஎஸ்பில கூட்டணும். ஒவ்வொண்ணுலயும் கம்பெனிக்காரன் வச்ச தாமதம் இருந்தா கூட்டுற இடத்துல சத்தம் குழி விழும். முதல்ல சர்ரவுண்டை அணைச்சு, பேஸ் ட்ரெபிள் நடுவுல வச்சு, பிங்க் நாய்ஸ்ங்கிற சோதனை இரைச்சல் போட்டு மைக்ல அளங்க. 1 மில்லிசெகண்ட் தாமதம்னா 34 சென்டிமீட்டர். கடைசியா இலஞ்சித்தறைப் பாண்டிமேளம் போட்டுப் பாருங்க. செண்டைக் கோல் விழற இடம் கூர்மையா, கொம்பு மேலே தனியாக் கேட்டா டியூனிங் சரி.

களியக்காவிளை_கேள்வி:
யாருக்குவே பாண்டி?

கொழிஞ்சாம்பாறை_மேளம்:
அது மேளத்துக்குப் பேருங்க! திருச்சூர் பூரத்துல கொட்டறது!

களியக்காவிளை_கேள்வி:
பார்டருக்கு அந்தப் பக்கம் போயிட்டா எல்லாத்துக்கும் ஒரு பேரு உண்டு. தவில் போட்டா டியூனிங் பார்க்க முடியாதா? உமக்கது டூரிஸ்ட் பஸ்ல கேட்டு வளர்ந்த காது.

செங்கோட்டை_12வோல்ட்:
மேளத்தைப் பிறகு கொட்டுங்க. ரேஞ்ச் ரோவர்னாரே, அதுக்குப் பதில். அலுமினியத்துல புதுசா ஓட்டை போடச் சொன்னது யாரு? எர்த்துக்குன்னே கம்பெனி வச்ச போல்ட் (எர்த் ஸ்டட்) ஏற்கெனவே இருக்கு. அதுல வெள்ளீயம் பூசின லக். முடிஞ்சது. அங்கேயும் முனைக்குப் போக வேண்டாம். சென்சாருக்கு எந்தப் பக்கம்? பேட்டரிப் பக்கமா, பாடிப் பக்கமா, இது ஒண்ணுக்குத்தான் அவர் பதில் சொல்லல. போன மாசம் அலுமினியத்துல செம்பு பூசின மலிவு வயரை "ஒண்ணும் ஆகாது"ன்னு வாங்கச் சொன்னதும் இதே ஆளுதான்.

களியக்காவிளை_கேள்வி:
ஆகாதுதான்! கணக்குப் போடும். 4 கேஜ் தடிமன், ஒன்றரை மீட்டர், 68 ஆம்பியர். சுத்தச் செம்புல 0.08 வோல்ட் விழும், அந்த மலிவு வயர்ல 0.13. 0.05 வோல்ட்டுக்கு ரெண்டு மடங்கு காசா?

செங்கோட்டை_12வோல்ட்:
முதல் நாள் கணக்கு அது. ரெண்டு மழை பெய்ஞ்ச பிறகு கிரிம்ப்புக்குள்ள அலுமினியம் பூத்துப் போயி லக் சூடாகும்போது இந்தக் கணக்கைத் திரும்பப் போடும். உப்புக்காத்துன்னு இப்போதானே நீரே சொன்னீரு? ஃப்யூஸ் பேட்டரிலேருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்னாவது சொன்னீரா? அதுவும் இல்ல.

பொள்ளாச்சி_தென்னங்கீத்து:
முனையா, போல்ட்டாங்க?

புளியரை_சாரல்:
மழைன்னதும் ஞாபகம் வந்தது. கதவுக்கு அதிர்வை அடக்குற பியூட்டைல் ஷீட் ஒட்டுறவங்க அடியில இருக்கிற தண்ணி வடியிற ஓட்டையையும் சேர்த்து மூடிருதாங்க. இந்தச் சாரல்ல கதவுக்குள்ள குளம் கட்டும். கால்வாசி இடத்துல ஒட்டினாலே தகடு அதிர்றது அடங்கிரும். முழுசா மெழுக வேண்டாம்.

செங்கோட்டை_12வோல்ட்:
அதைவிடப் பெரிய விஷயம், ஸ்பீக்கருக்காக உள்தகட்டை வெட்டுறது. பல வண்டியில பக்கவாட்டு ஏர்பேக் சென்சார், கதவுக்குள்ள காத்தழுத்தம் திடீர்னு ஏறுறதை வச்சுத்தான் மோதலை அறியும். வெட்டுன ஓட்டையைத் திறந்து விட்டா அழுத்தம் கசிஞ்சிரும். ஒண்ணு வெட்டாதீங்க, இல்லேன்னா காத்துப் புகாம அடைச்சு முடிங்க. இதுலயும் களியக்காவிளைக்காரருக்கு மாத்துக் கருத்து இருக்கும்.

களியக்காவிளை_கேள்வி:
இருக்கு. கதவைப் பத்தி இல்ல. முனையில மாட்டினா ஹம் வருமா, வராதா? அதைச் சொல்லும்.

செங்கோட்டை_12வோல்ட்:
சென்சாருக்கு எந்தப் பக்கம்? அதைச் சொல்லும்.

கொழிஞ்சாம்பாறை_மேளம்:
அப்ப கம்பெனி ஆம்ப்லேருந்து எடுத்தா 2 ஓம் ஸ்பீக்கருக்குப் பதிலா 4 ஓம் போடலாமா, பவர் பாதியாயிரும்ல? யாராவது...

களியக்காவிளை_கேள்வி:
பாண்டிமேளத்துக்கு எத்தனை ஓம்னு அவரையே கேளுங்க.

செங்கோட்டை_12வோல்ட்:
எந்தப் பக்கம்?