மறு: மசித்தலா, ஊறலா?

> மேஷிங் = மசித்தல், கிராவிட்டி = ஈர்ப்பு. சரிதானே?

பீர் காய்ச்சும் சொற்களுக்கு நீங்கள் கேட்ட இந்தத் தமிழாக்கம் இரண்டுமே வேண்டாம் ஐயா. மேஷிங் என்பது மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, வெந்நீரில் ஊறவைத்து அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது. கிழங்கைத்தான் மசிப்போம். மால்ட்டை இரண்டு மூன்றாக உடைத்தால் போதும்; உமி முழுசாக நிற்க வேண்டும், பிறகு வடிகட்டியாவது அதுதான். 'மசித்தல்' என்று படித்துவிட்டு மாவாக அரைத்தவருக்குக் கலத்தின் அடி களியாக இறுகி, சொட்டுகூட இறங்காது.

25 டிகிரியில் இருக்கும் 5 கிலோ மால்ட்டில் 72 டிகிரி நீர் 15 லிட்டர் ஊற்றினால், கலவை 66-ஐ ஒட்டி நிற்கும். ஒரு மணி நேரம் சூடு இறங்காமல் மூடி வைக்க வேண்டும். 63 பக்கம், மாவுச்சத்தை உடைக்கும் பீட்டா அமைலேஸ் என்ற நொதியின் கை ஓங்கும். ஈஸ்ட் தின்னும் சர்க்கரையான மால்ட்டோஸ் மிகும். 69-க்குப் போனால் அந்த நொதி சீக்கிரமே செயலிழந்து, ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரின் தங்கிவிடும். ஆக, சூடும் நேரமும் சொல்லிலேயே தெரியட்டும்: 'சூட்டூறல்'. பாத்திரம் சூட்டூறல் கலம்.

> ஊறல் என்றால் புளிக்கும் கலவை அல்லவா? முளைகட்டத் தானியத்தை நனைப்பதும் ஊறவைத்தல்தானே?

அதனால்தான் வெறும் 'ஊறல்' என்று விடவில்லை. 66 டிகிரியில் ஈஸ்ட்டும் பிழைக்காது, விதையும் முளைக்காது; 'சூடு' சேர்ந்ததுமே குழப்பம் தீர்ந்தது. 'சர்க்கரையாக்கம்' என்பதை இங்கே செலவழிக்காதீர்கள். ஒரு சொட்டு அயோடின் விட்டு, மாவுச்சத்து மீதமிருந்து கருநீலமானால், "சர்க்கரையாக்கம் முடியவில்லை" என்று சொல்ல அது வேண்டும்.

கிராவிட்டிக்குப் புதுச்சொல்லே தேவையில்லை. இங்கே அது நீரோடு ஒப்பிட்ட சாற்றின் அடர்த்தி. ஒப்படர்த்தி, அதை அளக்கும் திரவமானி இரண்டும் பள்ளிப் பாடத்திலேயே உள்ளவை. தொடக்க ஒப்படர்த்தி 1.050, இறுதி 1.010 என்றால் வித்தியாசம் 0.040, அதை 131.25-ஆல் பெருக்க, ஆல்கஹால் சுமார் 5.25 சதவீதம். பேச்சுவழக்கில் '50 புள்ளி', '10 புள்ளி' போதும்.

ஒப்படர்த்தியின் விளக்கத்தில் 'எந்த வெப்பநிலையில்' என்பதையும் சேர்த்துவிடுங்கள். 20 டிகிரிக்கு அளவிட்ட திரவமானி, 40 டிகிரி முளைச்சாற்றில் (சூட்டூறலில் வடித்த இனிப்புச் சாறு, ஆங்கிலத்தில் வார்ட்) ஏறத்தாழ 6 புள்ளி குறைத்துக் காட்டும். சர்க்கரை சரியாக இறங்கவில்லை என்ற பழி சூட்டூறலின் மேல் விழும்! நொதிக்கும் சாற்றிலோ குமிழி ஒட்டி, தண்டைத் தூக்கி, கூட்டிக் காட்டும். ஒருமுறை சுழற்றிவிட்டுப் படிக்க வேண்டும்.

வார்ட்டுக்கு 'முளைச்சாறு' என்று நானாகவே எழுதிவிட்டேன். மாற்று இருந்தால் சொல்லுங்கள், 'கஷாயம்' தவிர.