வெள்ளைக்கால் குதிரைக்கு வரும் சேற்றுப்புண்: எங்கள் அனுபவம்

மே மாத இடிமழை ஆரம்பித்தால் அக்டோபர் வரை எங்கள் லாயத்து வாசல் காய்வதில்லை. பெங்களூரில் கனகபுரா ரோடு பக்கம் இருக்கிறோம். செம்மண், குளம்பு பட்டுப் பட்டுக் களியாகிவிடும். எங்கள் முத்து ரேஸில் ஓடி ஓய்வு பெற்ற தரோபிரெட் இனக் குதிரை. செம்பழுப்பு உடம்பு, பின்கால் இரண்டிலும் பாதி உயரத்துக்கு வெள்ளை. வெள்ளை முடிக்கு அடியில் தோலும் ரோஸ் நிறம். மூன்று மழைக்காலமாகச் சேற்றுப்புண், அதாவது ஈரத்தில் தோல் கெட்டுப் பொருக்கு கட்டும் புண், வருவது அந்த இரண்டு காலில்தான். முன்கால்களில் ஒரு பொருக்குகூட வந்ததில்லை.

முதல் வருடம் சவாரி முடிந்ததும் தினமும் ஹோஸ் பிடித்துச் சேற்றைக் கழுவி, ஈரத்தோடு வாசலின் களிம்பு தடவினேன். சுத்தமாக வைத்திருக்கிறோம் என்ற திருப்தி எனக்கு. புண் பரவிக்கொண்டே போனது. அடுத்த வருடம் ஆகஸ்டில் ஒரு காலை லாயத்துக்குள் போனால், முத்து இடது பின்காலை ஊன்றாமல் நிற்கிறான். முட்டி வரை வீங்கித் தூண் மாதிரி இருந்தது, தொட்டால் சுட்டது. வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போய்விட்டது என்றார் டாக்டர். ஆன்டிபயாட்டிக் ஊசி, வலி மருந்து, பல நாள் ஓய்வு. அன்றைக்கு அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மனதில் இருக்கிறது.

டாக்டர் சொன்னதைச் சொல்கிறேன். பெரும்பாலும் இதற்குப் பின்னால் இருப்பது டெர்மடோஃபிலஸ் காங்கோலென்சிஸ் என்ற பாக்டீரியா. 1915-இல் காங்கோவில் மாடுகளிடம் கண்டு எழுதியதால் அந்தப் பெயர். நல்ல தோலுக்குள் அதனால் நுழைய முடியாது. ஈரத்தில் ஊறியோ மண் உராய்ந்தோ தோல் கெட்டால்தான் வழி கிடைக்கும். காற்று படாத பொருக்குக்கு அடியில் அது செழிக்கும், உதிர்ந்த பொருக்கிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வருடா வருடம் திரும்பி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். நான் தினமும் கழுவியது அதற்கு ஈரம் கொடுத்தது, வாசலின் களிம்பு மூடி போட்டது.

இப்போது சேற்றை அப்படியே காயவிட்டு, மெதுவாகப் பிரஷால் தட்டி எடுக்கிறோம். புண் இருந்தால் மட்டும் முடியைக் கத்தரித்து, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த நீரால் நனைத்து 10 நிமிடம் விட்டு, அலசி, டவலால் ஒற்றி எடுக்கிறோம். காய வைப்பதற்குத்தான் அதிக நேரம் ஆகும். குளம்புக்கு மேலே பின்பக்கம் ஒரு குழி இருக்கிறதே, அங்கே ஈரம் ஒளிந்துகொள்ளும். பொருக்கு ஊறினால் தானாகவே கையோடு வரும். அடியில் முடிக்கற்றை பெயின்ட் பிரஷ் நுனி போல ஒட்டியிருக்கும். வராததைப் பிய்க்கக் கூடாது, வலியில் உதைத்துவிடும். மனிதருக்கும் தொற்றலாம், அதனால் கையுறை அவசியம். எடுத்த பொருக்கைப் படுக்கையில் விடாமல் தனியாகக் கட்டிப் போடுகிறோம்.

*

நான் மர்ஃபி டவுன். அப்பா முப்பது வருடம் சைஸ், அதாவது குதிரை பராமரிக்கும் வேலை பார்த்தவர். அக்கா, நீங்கள் சேற்றை மட்டும் சொல்லிவிட்டீர்கள். அப்பா முதலில் படுக்கையைத்தான் தொட்டுப் பார்ப்பார். மூத்திரத்தில் ஊறிய வைக்கோல் மேல் இரவெல்லாம் நின்றால் வெளியே எவ்வளவு காய வைத்தும் பயன் இல்லை. ஒரு குதிரைக்குப் போட்ட டவலையும் பிரஷையும் இன்னொன்றுக்குத் தொடவே விட மாட்டார். அப்புறம், கேட் பக்கமும் தண்ணீர்த் தொட்டி பக்கமும் ஜல்லி போட்டு இறுக்குங்கள். குதிரை அதிக நேரம் நிற்பது அங்கேதான்.

*

எங்கள் குதிரை யெலஹங்கா பக்கம் இருக்கிறது, அதற்கும் வெள்ளைக்கால். ஆனால் புண் வந்தது மார்ச்சில், ஒரு சொட்டு மழை இல்லாதபோது. சேற்றுப்புண் என்றே நினைத்து ஒரு மாதம் கழுவினோம். கொஞ்சமும் ஆறவில்லை, தொட்டாலே காலை இழுத்துக்கொண்டது. தோலில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதித்ததில், ரத்தக் குழாய்களில் அழற்சி என்று தெரிந்தது. நிறமில்லாத தோலில் வெயில் பட்டால் அது மோசமாகுமாம். அதற்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள், பகலில் கால் மூடி வைத்தோம், ஆறியது. கிருமித் தொற்று இருக்கும்போது அதே ஸ்டீராய்டு கேடு செய்யும் என்றும் சொன்னார்கள். அதனால் மருந்து தடவுமுன் எது என்று தெரிந்துகொள்வது நல்லது, அண்ணா அக்கா எல்லோருக்கும் சொல்கிறேன்.

*

இரண்டு பேருக்கும் நன்றி. வெயில் விஷயத்தைப் படித்ததும் போன பிப்ரவரி ஞாபகம் வந்தது. முத்துவின் வலது பின்காலில், வெளிப்பக்கம் மட்டும் நாலைந்து பொருக்கு இருந்தது. மழைக்காலப் புண்ணின் மிச்சம் என்று விட்டுவிட்டேன். இன்று சாயங்காலம் போய் அந்த இடத்தில் முடியை விலக்கிப் பார்த்தேன். தழும்பு இன்னும் ரோஸாகப் பளபளக்கிறது. போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பிவிட்டேன், சனிக்கிழமை வருகிறார். ஜல்லிக்கும் சொல்லியாயிற்று.