ஊர் போட்டு உக்கார்ந்தவங்க, குளிர் திரும்பினதும் மறுபடி நாடோடியா போனாங்களா?

தேடல்77:
வணக்கம் நண்பர்களே, ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்குற கேள்வி. பனியுகம் முடிஞ்சு பூமி சூடாகிட்டு வந்த நேரத்துல, சுமார் 12,900 வருஷத்துக்கு முன்னாடி திடீர்னு மறுபடி குளிர் அடிச்சு ஆயிரத்து சொச்சம் வருஷம் நீடிச்சுச்சு, யங்கர் ட்ரையாஸ்னு சொல்றாங்க. அப்ப வயலும் கிடையாது ஆடு மாடும் கிடையாது, வேட்டையாடி விதை கிழங்கு பொறுக்கி வாழ்ந்த சனங்க தான். எங்க படிச்சாலும் "சூழலுக்கு ஏற்ப தகவமைத்துக் கொண்டனர்"னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. என்ன சாப்பிட்டாங்க, இடம் மாறுனாங்களா, அதை இப்ப எப்படி கண்டுபிடிக்கிறாங்க? தெரிஞ்சவங்க விரிவா எழுதுங்க ப்ளீஸ்.

கல்லாயுதம்:
இதுக்கு நல்ல உதாரணம் நட்டூஃபியன் சனங்க தான் சகோ. இப்ப இஸ்ரேல், பாலஸ்தீனம், ஜோர்டான், சிரியா இருக்குற பகுதியில 15,000 வருஷத்துக்கு முன்னாடியிருந்து வாழ்ந்தவங்க. விவசாயம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இவங்க ஒரே இடத்துல தங்க ஆரம்பிச்சுட்டாங்க, ஐன் மல்லாஹாங்கற இடத்துல கல்லு அடித்தளம் போட்ட வட்ட வட்டமான வீடுங்க, கல்லுல குடைஞ்ச உரல், வீட்டு பக்கத்துலயே புதைச்ச சடலங்கன்னு எல்லாம் கிடைச்சிருக்கு. ஜோர்டான்ல ஷுபைக்கா 1ங்கற இடத்துல 14,400 வருஷத்துக்கு முந்தின அடுப்புல கருகின ரொட்டித் துணுக்கே கிடைச்சுது, காட்டு கோதுமையும் கோரை வகை கிழங்கும் அரைச்சு சுட்டது. அதாவது நல்ல மழை, நல்ல வெயில், சுத்தி கெஸல் மான் கூட்டம், ஓடிட்டே இருக்கணும்னு அவசியம் இல்லாத காலம்.

அப்புறம் தான் நீங்க சொல்ற குளிர். இங்க எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் என்னன்னா, அவங்க என்ன செஞ்சாங்கன்னு காட்டிக் குடுக்குறது ஆமையும் எலியும். ஆமை பிடிக்க கஷ்டமே இல்ல ஆனா மெதுவா தான் வளரும், நிறைய பேர் ஒரே இடத்துல பல காலம் தங்கினா சீக்கிரம் காலியாயிடும், அப்ப முயலு கவுதாரின்னு வேகமா ஓடுற, ஆனா மளமளன்னு பெருகுற பிராணிங்கள பிடிக்க வேண்டி வரும். ஆரம்ப நட்டூஃபியன் குப்பையில, சின்னப் பிராணிங்கள்ல இந்த முயல், கவுதாரி எலும்போட பங்கு கூடுதல். பிற்காலத்துக்கு வந்தா திரும்ப ஆமை பங்கு கூடுது. அதாவது ஒரு இடத்து மேல அழுத்தம் குறைஞ்சிருச்சு, சனங்க சின்ன சின்ன குழுவா பிரிஞ்சு அடிக்கடி இடம் மாறியிருக்காங்க. நடாலி மன்ரோங்கற தொல்லியல் ஆய்வாளர் இதை 2004ல எழுதினாங்க.

எலி இன்னும் அருமை. மனுஷன் வருஷம் முழுக்க தங்குற இடத்துல வீட்டெலி பெருகி காட்டெலிய விரட்டிடும், மனுஷன் அடிக்கடி கிளம்பி போனா காட்டெலி திரும்ப வந்துடும். ஐன் மல்லாஹாவுல கிடைச்ச துக்கினியூண்டு எலிப்பல்லை அடுக்கு அடுக்கா பிரிச்சு பாத்தப்ப இந்த ஏத்த இறக்கம் அப்படியே தெரிஞ்சுது, ஆமைக் கணக்கோட ஒத்தும் போச்சு. எனக்கு இதுல புரியறது, அவங்க பின்னாடி போகல, தாத்தா பாட்டி காலத்து நடை வாழ்க்கைய மறக்காம வச்சிருந்தாங்க, தேவைப்பட்டப்ப எடுத்துக்கிட்டாங்க.

மலையருவி:
அருமையான பதிவு கல்லாயுதம். ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன், எல்லாரும் கிளம்பிடல. கலிலி ஏரிக்கு கிழக்கால நஹல் ஐன் கெவ் 2ன்னு ஒரு ஊர், அந்த குளிர் காலத்து கடைசிப் பகுதியில, சுமார் 12,000 வருஷத்துக்கு முன்னாடி, கல்லு வீடு கட்டி நிலையா இருந்திருக்காங்க. தண்ணி வத்தாத இடம்ங்க அது, அதனால இருக்க முடிஞ்சுது. இன்னொண்ணு, அந்த காலம்னா வறட்சின்னு எல்லாரும் சொல்லிடறோம், ஆனா கெஸல் மான் பல்லுல இருக்குற வேதியியல் தடயத்த வச்சு 2016ல வந்த ஆய்வு, அந்தப் பக்கம் குளிர் கூடுச்சே தவிர வறண்டு போகலன்னு காட்டுது. ஒரே காலநிலை மாற்றம் பாலைவன ஓரத்துல ஒரு மாதிரி, ஏரிக்கரையில ஒரு மாதிரி.

தேடல்77:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும், எலிப்பல் விஷயம் எல்லாம் இப்ப தான் கேள்விப்படறேன். நம்ம பக்கம், வெப்ப நாட்டுல இப்படி ஏதாவது இருக்கா?

குறிஞ்சிவாசன்:
இருக்குது, எங்கட இலங்கையிலயே இருக்குது. களுத்துறை மாவட்டத்தில பாகியன்கல எண்ட குகை, 48,000 வருசத்துக்கு முந்தியே ஆக்கள் இருந்திருக்கினம், அதுவும் மழைக்காட்டுக்குள்ள. மழைக்காட்டில வேட்டைக்காரர் பிழைக்கேலாது எண்டு கனகாலமா அறிஞர்மாரே நம்பினவை, ஆனா அங்க கிடைச்ச எலும்புகளில பெரும்பகுதி குரங்கும் அணிலும், மரத்துக்கு மேல ஓடுற பிராணியள். அதுகளைப் பிடிக்க குரங்கு எலும்பிலயே கூர்முனை செதுக்கி வில் அம்பு செய்திருக்கினம் எண்டு 2020ல வந்த ஆய்வு சொல்லுது. பனியுகத்தின்ர உச்சம், 20,000 வருசத்துக்கு முந்தி, கடல் 120 மீட்டர் கிட்ட கீழ போய் இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலமா இருந்த நேரம். அப்ப வெளியால புல்வெளி கூடியிருக்கும், அங்க போயிருக்கலாம். போகேல்லை. பல்லுகளைச் சோதிச்சுப் பாத்தா பட்டதொம்பலென மாதிரிக் குகைகளில இருந்த ஆக்கள் அந்தக் காலத்திலயும் காட்டுச் சாப்பாட்டிலதான் வாழ்ந்திருக்கினம், நத்தை, கொட்டை, குரங்கு எண்டு. வேட்டையாடின குரங்குகளிலயும் வளந்ததுகள்தான் கூட, குட்டிகளைக் கனக்கத் தொடேல்லை, அதாலதான் அத்தினை ஆயிரம் வருசம் அந்தக் காடு சாப்பாடு போட்டுது எண்டு நான் நினைக்கிறன். ஆனா ஒதுங்கி இருந்தவை எண்டு நினைச்சிடாதேங்கோ, கடல் கிட்டவும் இல்லாத அந்தக் குகைகளில கடல்சிப்பியும் சுறாப்பல்லும் கிடைச்சிருக்கு, கரையோர ஆக்களோட கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கு.